அழுகுணி ஆட்டம்

"அப்பா, இது அநியாயம். டெய்லர் மாமா இப்பதான் கயித்துல கால் வெச்சாரு. அதுக்குள்ள எதுக்கு நிறுத்துறீங்க?"

அப்பா காதுலயே வாங்கல. மாமா கையில இருந்த கண்ட்ரோலரைப் பிடுங்கி, மெனுவுக்குள்ள போய், 'ஆட்டத்தை நிறுத்து'ன்னு இருந்ததை அமுக்கிட்டாரு. கயித்து மேல நின்ன பொம்மை மறுபடி ஆரம்பிச்ச இடத்துக்கே போயிடுச்சு.

அதுவும் லைவ்ல. எங்க தெருவே செல்போன்ல பாத்துட்டிருக்கு.

விஷயம் இதுதான். கயித்து மேல நடக்குற அந்தப் பழைய கேம் இப்ப புதுசாத் திரும்பி வந்திருக்கு. அப்பல்லாம் ரெண்டே பட்டன், இடது, வலது. இப்ப கண்ட்ரோலரையே கழி மாதிரி ரெண்டு கையால தூக்கிப் பிடிக்கணும். கை சாஞ்சா பொம்மையும் சாயும். இந்தப் புது கண்ட்ரோலால ஆட்டத்துக்கு ஏதாவது லாபம் இருக்கா, இல்ல கிழிஞ்ச சட்டைக்குப் புதுப் பட்டன் வெச்ச கதையா? இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஒரு விமர்சனம் போடலைன்னா எனக்குச் சோறு இறங்காது.

அதுக்குத்தான் அப்பாவையும், கீழ்க்கடை டெய்லர் மாமாவையும் பிடிச்சு உக்கார வெச்சேன். இந்த கேமுக்காகவே ஒண்ணா காலேஜுக்கு மட்டம் போட்ட ஆளுங்க. அதுல அப்பா ஒரு தடவைகூட மாமாவை ஜெயிச்சதில்லையாம்.

மாமா முதல்ல மாட்டேன்னுதான் சொன்னாரு.

"எனக்குப் பட்டனே போதும்மா. காலம் பூரா அதைத்தானே தெச்சுட்டிருக்கேன்."

"சும்மா பிடிச்சுப் பாருங்க மாமா. உங்களுக்கில்லாத கையா?"

பிடிச்சாரு. உடனே பொம்மை கிடுகிடுன்னு ஆட ஆரம்பிச்சுது. காத்தும் அடிக்கல, ஒண்ணும் இல்ல.

'கயிறு ஆடுதா, ஆளு ஆடுறாரா?'ன்னு ஒரு கமெண்ட் வந்துச்சு. அதுக்கடுத்து இன்னொண்ணு. 'டெய்லர் சார், என் கோட்டு உங்ககிட்டதான் இருக்கு. பாத்து.'

ஸ்க்ரீனைப் பாத்துட்டிருந்த மாமா மூஞ்சி சுருங்கிப் போச்சு. புது கண்ட்ரோல் ஓவரா நுணுக்கம் பாக்குதுன்னு நான் லைவ்ல விளக்கம் குடுக்க வாயைத் திறந்தேன். அப்பதான் அப்பா பாய்ஞ்சு பிடுங்கினாரு.

"நிறுத்தினா என்ன? முதல்லேருந்து ஆடச் சொல்லு."

"தோத்துடுவோம்னு பயமா உங்களுக்கு? இதுக்கு ஒரு பேர் இருக்குப்பா. அழுகுணி ஆட்டம்."

"சரி, வெச்சுக்கோ" அப்படின்னாரு அப்பா, ஏதோ தட்டுல இன்னொரு கரண்டி சாம்பார் விழுந்த மாதிரி. கண்ட்ரோலரை மாமா மடியில போட்டாரு. "ஆடுடா."

கமெண்ட்ல அப்பாவைக் கிழிச்சுத் தொங்க விட்டுட்டாங்க. 'அழுகுணி அங்கிள்'னு பட்டமே குடுத்தாச்சு.

மாமா திரும்பப் பிடிச்சாரு. இந்தத் தடவை பொம்மை நடந்த நடை இருக்கே! காத்து வந்தா அதுக்குத் தகுந்த மாதிரி சாயுது, பறவை வந்து தோள்ல உக்காந்தா நிதானமா நிமிருது. கயித்தோட அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டாரு. அப்பா முறை வந்துச்சு. முதல் காத்துலயே பொத்துன்னு விழுந்தாரு.

"என் பக்கம் மட்டும் காத்து ஜாஸ்தி."

"மாப்ளே, எந்த கண்ட்ரோல் வந்தாலும் விழறதுதான்டா உனக்குக் கைவந்த கலை" அப்படின்னு மாமா சிரிச்சாரு. போகும்போது படியில சீட்டி அடிச்சுட்டே இறங்கினாரு.

லைவை அணைச்சதும் நான் ஆரம்பிச்சேன்.

"ஏம்ப்பா, மானமே போச்சு. ஏமாத்தியும் தோத்துட்டீங்க."

அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

கேமை மூடலாம்னு மெனுவைத் திறந்தேன். கீழ, 'வெளியேறு'ன்னு தனியா ஒண்ணு இருந்துச்சு. அட, வெளியேறுறதுக்கு இது இருக்கும்போது, மேல இருக்குற 'ஆட்டத்தை நிறுத்து' எதுக்கு?

அம்புக்குறியை அது மேல கொண்டு போய் நிறுத்தினேன். கீழ பொடி எழுத்துல ஒரு வரி வந்துச்சு. 'கை நடுக்கம் திரையில் தெரியாது.'

திரும்பி அப்பாவைப் பாத்தேன்.

"நேத்து நானும் மூடுறதுக்குத்தான் அதை அமுக்கினேன். மூடவே இல்ல, அப்பதான் இந்த வரியைப் பாத்துட்டு மறுபடி அணைச்சு வெச்சேன்" அப்படின்னாரு. "எந்தப் புண்ணியவான் தமிழ்ப்படுத்தினானோ, கையாட்டத்தை நிறுத்துறதுக்கு இப்படிப் போட்டு வெச்சிருக்கான்."

"மாமாவுக்குக் கை..."

"கொஞ்ச நாளா ஊசியில நூல் கோக்க என்னைக் கூப்பிடுறான். கண்ணு மங்குதுடாம்பான். நானும், ஆமாடா, வயசாகுதுல்லம்பேன்." கண்ணாடியை மாட்டிக்கிட்டாரு. "துணியை அழுத்திப் பிடிச்சா அவன் கை கல்லு மாதிரி நிக்குது. வெறுங்கையைத் தூக்கினாத்தான் ஆடுது. கோட்டு குடுத்தவனுக்கு இதையெல்லாம் யாரு உக்காந்து விளக்குறது?"

"அதுக்காக? தெருவே உங்களை..."

"என்னன்னு எழுதியிருக்காங்க?"

"அழுகுணின்னு."

"அவனை?"

"சாம்பியன்னு."

அப்பா கண்ட்ரோலரை எடுத்து என் கையில குடுத்தாரு.

"அப்ப உன் விமர்சனத்துல எழுதிக்கோ. புது கண்ட்ரோல் நல்லாத்தான் வேலை செய்யுது."