தலையில் பஞ்சு

தினமும் யாருக்காவது ஓர் உதவி செய், குடி கிட்டே வராது என்று மறுவாழ்வு மையத்தில் தனபாலுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தெருவில் எல்லோருக்கும் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொடுத்தான், மெச்சினார்கள். வீட்டில்தான் எதுவும் கைகூடவில்லை.

அன்று நூல் மில்லிலிருந்து திரும்பிய மனைவி சுசீலாவின் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. எடுத்துவிடக் கையைக் கொண்டுபோனான். அவள் சட்டென்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

“பஞ்சு இருக்குது புள்ள, அதத்தான்...”

“சரிங்க” என்றாள். கைகளை மட்டும் எடுக்கவில்லை.

“இன்னும் எத்தன நாளைக்கு இப்படியே பயப்படுவ? நாந்தான் குடிக்கறதில்லையே!”

கத்திய பிறகுதான் தன் கை ஓங்கியபடியே நிற்பதைப் பார்த்தான். அதை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.