ரிப்பன் பை

போன் அணைந்த பிறகும் அவன் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மச்சான், கேமராவ எடுத்துட்டு வாங்க. சீக்கிரம்."

அவ்வளவுதான். தங்கை வடிவின் கணவன் லிங்கதுரை, பிரசவ வார்டு வாசலிலிருந்து பேசியது. பின்னால் ஏதோ வண்டி உருளும் சத்தம். குரலில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. பாவி மனிதன், இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் குறைந்தா போய்விடுவான்.

திரும்பக் கூப்பிட்டால் தெரிந்துவிடும்.

அதனால்தான் கூப்பிடவில்லை.

அவனுடைய போட்டோ ஸ்டுடியோவில் இரண்டு கேமரா பைகள்.

பெரியது சாமி படத்துக்குக் கீழே இருக்கும். வாரில் சிவப்பு ரிப்பன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றுக்கும் அந்தப் பை.

மற்றது சாம்பல் நிறம். பின்கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும். துக்க வீடுகளுக்கு மட்டும். அது உள்ளே வருவதில்லை. போய்வந்ததும் மஞ்சள் தண்ணீர் தெளித்து அங்கேயே மாட்டிவிடுவான்.

ரிப்பனைத் தைத்தது வடிவுதான். அவள் கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள், அவசரத்தில் சாம்பல் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குப் போய்விட்டான். துக்க வீட்டில் அந்தப் பையைப் பார்த்திருந்த பெண்ணின் அத்தை வாசலோடு நிறுத்தி அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். கதையைக் கேட்டு வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள்.

"இனிமே கண்ண மூடிட்டு எடுத்தாலும் கைக்குத் தெரியும்ண்ணே."

கைக்கு மட்டுமா, ஊருக்கே தெரிந்துவிட்டது. பைக்கில் போகும்போது ரிப்பனைக் கண்டால், எந்த மண்டபம் என்று கேட்பார்கள். சாம்பல் பையைக் கண்டால், யாரு என்று கேட்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் வடிவு அவன் முகத்தைப் பார்க்கமாட்டாள். முதலில் தோளைத்தான் பார்ப்பாள்.

பெரிய பையை இறக்கித் திறந்தான்.

பிளாஷை எடுத்து வெளியே வைத்தான். பச்சைப் பிள்ளையின் கண்ணுக்கு ஆகாது. பெரிய லென்ஸை எடுத்தான். வார்டில் அதை நீட்டினால் நர்ஸ் விரட்டுவாள். ஸ்டாண்டு வேண்டாம். இரண்டாவது கேமரா எதற்கு? எடுத்து எடுத்து வைத்ததில் பை தொளதொளத்துப் போயிற்று.

பிறந்த பிள்ளைக்கு ஜன்னல் வெளிச்சமும் அந்தச் சின்ன ஐம்பது எம்.எம். லென்ஸும் போதும்.

மற்றதற்கும் அதுவே போதும்.

இப்படி நினைத்த தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஐம்பது லென்ஸ் சாம்பல் பையில் இருந்தது.

பின்கதவைத் திறந்தான். ஆணியில் பை ஆடாமல் தொங்கியது. அதிலிருந்து ரிப்பன் பைக்கு ஒரு துணிகூட மாறியதில்லை. லென்ஸை எடுத்தான். திரும்பப் போட்டான். மறுபடி எடுத்தான்.

வடிவின் முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் கலைந்துபோனது. அப்போது யாரும் கேமராவைக் கேட்கவில்லை. இது நிறைமாதம். வளைகாப்புப் படத்தில் முழங்கை வரை வளையலை ஏற்றிக்கொண்டு, போதுமாண்ணே என்று கேட்டபடி நிற்கிறாள். எப்படித் தப்பாகும்? தப்பாகக் கூடாது.

கைக்குட்டையை மஞ்சள் தண்ணீரில் நனைத்தான். கண்ணாடியில் தண்ணீர் படக்கூடாது என்று நேற்றுக் கேமரா பிடித்தவனுக்கும் தெரியும். துடைத்தான். லென்ஸைத் துடைத்தான், மூடியைத் துடைத்தான், தன் கைகளையும் துடைத்துக்கொண்டான். கண்ணாடியின் ஓரத்தில் மஞ்சள் கோடாகக் காய்ந்தது. லென்ஸை ரிப்பன் பைக்குள் வைத்தான்.

சாமி படத்தை அவன் கும்பிடவில்லை. சண்டை போட்டான்.

"இந்தப் பையத்தான் எடுத்துட்டுப் போறேன். நீதான் பொறுப்பு."

தென்காசி ரோட்டில் பைக்கை விரட்டினான். ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் டீக்கடை மாடக்கண்ணு, கிளாஸைக் கழுவிக்கொண்டே வாரில் ஆடும் ரிப்பனைப் பார்த்துவிட்டார். தங்கச்சிக்கு நாள் நெருங்கியது அவருக்கும் தெரியும்.

"என்னப்பா, மாமன் ஆயாச்சா?"

அவன் தலையாட்டினான். ஆட்டிய பிறகு நிறுத்த முடியவில்லை. கேட் திறக்கும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

லிங்கதுரை வார்டுக்கு வெளியே, சுவரோரம் நின்றிருந்தான். அவனும் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தான்.

ரிப்பனைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"நல்லவேள மச்சான், இந்தப் பைய எடுத்துட்டு வந்தீங்க."

அவனுக்கு உயிர் வந்தது. வாயைத் திறந்தான். லிங்கதுரையின் பிடி இறுகியது.

"புள்ள தங்கலன்னு அவகிட்ட இன்னும் சொல்லல. கண்ணாடிப் பெட்டில வச்சிருக்குன்னு சொல்லிருக்கோம். புள்ளய எடுத்துட்டுப் போறதுக்குள்ள ஒரு படம் மட்டும்..."



ஒரு நர்ஸ் ட்ரேயோடு வெளியே வந்தாள். கதவு திறந்தது.

வடிவு மூன்றாவது கட்டிலில் படுத்திருந்தாள். மயக்கம் தெளிந்த கண்கள் வாசலுக்கு வந்தன. அவன் தோளில் நின்றன.

பையைக் கழற்றி ஒளிக்க அவனுக்கு நேரம் இல்லை.

அவள் சிரித்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, கட்டில் கம்பியைப் பிடித்து, படத்துக்காக மெல்ல நிமிர்ந்தாள்.