பத்தொன்பதாம் நாள் கோடு

மூன்று கோடுகள் இருந்தன. இரண்டுதான் இருக்க வேண்டும்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் நுண்ணோக்கியில் குனிந்தேன். இருட்டறை, நீல விளக்கு. அறுத்த சிப்பி ஓட்டுத் துண்டில் மூன்று பச்சைக் கோடுகள் மினுங்கிக்கொண்டு கிடந்தன.

பக்கத்து அறைத் தொட்டிகளில் காற்றுக்குழாய் குமிழ் விடும் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் நாமும் தண்ணீருக்கடியில் இருக்கிறோம் என்றே தோன்றும். வெளியே பட்டப்பகல், மணி பதினொன்றரை என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

சிப்பி ஓடும் சுவரில் அடித்த சுண்ணாம்பும் ஒரே சரக்குதான். சுண்ணாம்பு தொட்டால் விரலோடு வந்துவிடும். ஓட்டை உடைக்கச் சுத்தியலே கொஞ்சம் யோசிக்கும்.

காரணம், சிப்பிக்கு அவசரமே கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு மெல்லிய படலம், நடுவே துளிப் பசை, அதன்மேல் அடுத்த நாள் என்று அடுக்கிக்கொண்டே போகும். அதே வேகத்தில் கண்ணாடித் தட்டில் நானும் அடுக்கிவிட்டால், உடைந்த எலும்புக்கு வைத்துக் கட்டும் தகடு கிடைக்கும். நாலு வருடமாக இதுதான் என் பிழைப்பு.

சிப்பியின் வேகத்தை அளக்க ஒரு வழி உண்டு. சாயம் கலந்த தண்ணீரில் அரை நாள் விட்டால் அன்றைய படலம் மட்டும் பச்சையாகிவிடும். முதலில் ஒரு கோடு, முப்பது நாள் கழித்து இன்னொரு கோடு. நடுவில் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

நான் இதுவரை ஓட்டின் விளிம்பை மட்டும் அறுத்துப் பார்த்துவந்தேன். தெரிந்த இரண்டு கோடுகளின் இடைவெளியை அளந்து முப்பதால் வகுத்தேன். அந்த வேகத்தில் வளர்த்த தகடெல்லாம் நனைந்த பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஏனென்று தெரியாமல் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை படலங்களை எண்ணினேன். பதினொன்று. அப்படியென்றால் நடுக்கோடு விழுந்தது பத்தொன்பதாம் நாள். முதல் கோடு உள்ளே தள்ளி இருந்ததால் விளிம்புத் துண்டில் சிக்கவேயில்லை. முப்பது நாள் என்று நான் நம்பி உட்கார்ந்திருந்தது வெறும் பதினோரு நாள். சிப்பியைவிட மூன்று மடங்கு மெதுவாக அடுக்கியதில், அடுத்த படலம் வருவதற்குள் நடுவில் பசை காய்ந்து போயிருக்கிறது.

பதிவேட்டைப் புரட்டினேன். பத்தொன்பதாம் நாளுக்கு நேரே தீனி போட்டதும் தண்ணீர் மாற்றியதும்தான் இருந்தது. சாய அலமாரியின் சாவி இருப்பது ஒரே ஒருவரிடம். தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா.

மூன்று மணிக்கு மதிப்பாய்வுக் குழு வருகிறது. அளவே தப்பு என்று வாயைத் திறந்தால் என் ஆய்வை இழுத்து மூடிவிடுவார்கள். கோபம் வந்தது.

திரும்பினால் அக்கா கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தார், ஈரக் கையை மேலங்கியில் துடைத்தபடி. இந்தச் சிப்பியைப் பொறுக்கிக் கொடுத்து, விளிம்போடு நிறுத்தாமல் முழுசாக அறுக்கச் சொன்னதும் அவர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்காவைப் பற்றி ஆய்வகம் முழுக்கத் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன் கடைக்குப் போன கணவர் திரும்பவில்லை. மழைக்கு ஒழுகும் அந்த வாடகை வீட்டை அக்கா இன்னும் காலி செய்யவில்லை. வீடு மாறினால், வருகிறவர் விலாசம் தெரியாமல் திண்டாடுவாராம்.

இனிமேல் காத்திருக்கப் போவதில்லை என்று வருடத்துக்கு இரண்டு தடவை சொல்வார். அடுத்த வாரமே பழையபடி வாசல் விளக்கை விடிய விடிய எரியவிடுவார். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

"சாயம் விட்டதை ஏன்க்கா எழுதலை?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"எழுதி வெச்சா நானே மறுநாள் அடிச்சுடுவேன் தம்பி. வாயால சொன்னா மாத்திச் சொல்லிடுவேன். காத்திருந்தது போதும்னு நிஜமாவே தோணினது அன்னிக்கு ஒரு நாள்தான். அதான் அழிக்க முடியாத இடமாப் பாத்து வெச்சேன்."

கத்த வேண்டியவன் பதிவேட்டை மூடி வைத்தேன். என் நாலு வருடம் ஒரு பக்கம், அவருடைய ஒன்பது வருடம் ஒரு பக்கம்.

அக்கா இரண்டடி உள்ளே வந்தார். நீல வெளிச்சத்தில் அவர் முகம் ராத்திரி முழுக்கத் தூங்காத முகமாக இருந்தது.

"நேத்து வந்துட்டாரு. வாசப்படியில உக்காந்துட்டு, உள்ள கூப்பிடுங்கறாரு. அந்தக் கோடு இன்னும் இருக்கா தம்பி?"

வெளுத்துப் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அக்கா போய்க் கதவைத் திறந்துவிடுவார். நானும் இரண்டு கோடுகளோடு குழுவின் முன்னால் போய் நிற்கலாம். ஒரு பொய்யில் இரண்டு பேர் தப்பித்துக்கொள்ளலாம்.

மறுபடியும் குனிந்தேன். அந்த நாளின்மேல் அடுத்தடுத்த நாட்கள் ஒவ்வொன்றாகப் படிந்து மூடியிருந்தன. கோடு கொஞ்சமும் கலங்கவில்லை. மூன்றில் அதுதான் பளிச்சென்று இருந்தது. சாயத்தைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருக்கிறார்.

"இருக்குக்கா," என்றேன். மூன்று மணிக்கும் இதையேதான் சொல்லியாக வேண்டும் என்பது, சொன்ன பிறகுதான் புரிந்தது.

அக்கா தலையாட்டினார். நானும் ஒரு தடவை பார்க்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. மேலங்கியைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார்.

"அரை நாள் லீவு வேணும் தம்பி. அவரை பஸ் ஏத்தி விடணும்."