பதினேழாம் எண் முத்திரை

"லவங்கப்பட்டைத் திரவம் ஊத்தி ஒரு டேங்க்கைச் சோதிக்கணும். இப்பவே, உங்க கண் முன்னால."

கேட்கவே கூடாது என்று மூன்று முறை எச்சரிக்கப்பட்டதை யூலான் நான்காம் முறையாகக் கேட்டாள். டீ ஊற்றிக்கொண்டிருந்த மேனேஜர் குவாங்கின் கை நிற்கவில்லை. மூக்கு மட்டும் சுருங்கியது.

"உன் மேல பட்டை வாசம் தூக்குதே! கேன்டீன்ல பன்றிக்கறி ஒரு கட்டு கட்டுனியா?"

ஷென்ஜெனில் இருந்த அந்தத் தொழிற்சாலை, மின்சிகரெட்டில் பட்டை, ஸ்ட்ராபெரி என்று வாசனைத் திரவம் நிரப்பும் பிளாஸ்டிக் டேங்க்குகளைச் செய்தது. நாற்பதாயிரம் டேங்க் வெளியே லாரியில் ஏறி நின்றன. தர ஆய்வாளர் யூலானின் பதினேழாம் எண் முத்திரை சான்றிதழில் விழாமல் ஒன்றுகூட வாசலைத் தாண்டாது.

"ஸ்ட்ராபெரி ஊத்திப் பார்த்தாச்சு. ஒண்ணும் ஆகல. அப்புறம் என்ன?"

"ஸ்ட்ராபெரிக்கு ஒண்ணும் ஆகாது. பட்டையும் எலுமிச்சையும் இந்த பிளாஸ்டிக்கைத் தின்னுடும். விரிசல் விட்டு, வாங்குனவன் வாயில ஒழுகும். சான்றிதழ்ல விழப்போறது என் நம்பர்."

"நாலு வருஷம் வேதியியல் படிச்ச திமிரு. ஊர்ல மக்காச்சோளம் ஒடிச்சிட்டிருந்தா இந்த வாய் வருமா?"

"ஒடிச்சிட்டேதான் படிச்சேன். எங்க வீட்ல மொதல்ல காலேஜ் போனவ நான். பொய்க்கு முத்திரை குத்தறதுக்கா போனேன்?"

குவாங் கோப்பையை டொக்கென்று வைத்தார். "அப்ப முத்திரையை வச்சிட்டுக் கிளம்பு. நானே குத்திக்கறேன்."

யூலான் சட்டைப் பையிலிருந்து, காகிதத்தில் சுற்றியிருந்த முத்திரையை எடுத்து மேசையில் வைத்தாள்.

"போன வருஷம் ஒருத்தி தொலைச்சிட்டு என் உயிரை வாங்கிட்டா. என்ன காரணம்னு எழுதிக் கொடுத்தாத்தான் புதுசுக்கு அனுமதின்னுட்டாங்க, சரக்கு வாங்கற ஜெர்மனிக்காரங்க." குவாங் காகிதத்தைப் பிரித்தார். "நல்லவேளை, இது இருக்கு. நம்ம டேங்க் பிளாஸ்டிக்லயே வார்த்தது. கல்லு!"

"கல்லுதானே? ஓங்கிக் குத்துங்க."

அடையாள அட்டையைக் கழற்றி அவருடைய டீத்தட்டில் போட்டுவிட்டு யூலான் கதவை நோக்கி நடந்தாள்.

குவாங் முத்திரையை மையில் ஒற்றி, சான்றிதழின் மேல் ஓங்கிக் குத்தினார்.

மடக்.

ஒன்று ஒரு பக்கமும் ஏழு மறு பக்கமுமாக முத்திரை பிளந்து கிடந்தது.

யூலான் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூணு நாள் பட்டைத் திரவத்துல ஊறுச்சுன்னு காரணம் எழுதுங்க, மேனேஜர்!"