கயிற்றுக்கு முன் சில கேள்விகள்

"ஊர் சரி தம்பி, ஊர்ல எந்தத் தெரு?"

"பஸ் நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஐயா," என்றான் நிலவன். சுற்றுச்சுவர் இல்லாத அந்தக் கிணற்றில் தவறி விழுந்தவன், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கல்லைப் பற்றியபடி தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தான். மேலே பெரியவர் ஒருவர் தோளில் கயிற்றுச் சுருளோடு நின்றார். சுதந்திர தினக் கொடியேற்றிவிட்டு நேராக வந்திருந்தார். சட்டையில் குத்திய கொடி இன்னும் அப்படியே இருந்தது.

"பஸ் எல்லாத் தெருவுக்கும் பக்கத்துலதான் நிக்கும். குலசாமி எது?"

"கயித்த விடுங்கய்யா, கை நழுவுது."

"விடாம எங்க போகப்போறேன்? நாமெல்லாம் ஒரே நாட்டுப் பிள்ளைங்க. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்."

நிலவன் குலசாமியின் பெயரை முனகினான். கிணறு அதை விழுங்கிவிட்டது. பெரியவர் காதில் கைவைத்துக் குனிந்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். அப்புறம் கொடி, கயிறு, பெரியவர் எல்லாம் ஒன்றாகத் தண்ணீருக்குள் வந்து சேர்ந்தன.

அவருக்கு நீந்தத் தெரியாது. நிலவன் ஒரு கையால் அவரை இழுத்து முதுகில் ஏற்றிக்கொண்டான். அவர் அவன் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பினார். மேலே ஓர் ஆள்கூட இல்லை. மூச்சு திரும்பியதும் அவன் காதருகே குனிந்து, கெஞ்சும் குரலில் சொன்னார்:

"இப்பத்தான் யாருமில்லையே. எங்கிட்ட மட்டும் சொல்லுங்க தம்பி, நீங்க என்ன ஆளுங்க?"