நாத்தனாரின் செல்போன்

"பாருடி, திரும்பவும் போட்டுட்டா," என்று அம்மா என் காதைக் கடித்தாள்.

பிரசவ வார்டில் பக்கத்துக் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்து விட்டிருந்தது. உள்ளே செல்போனில் ஒரு குழந்தை வீல் வீலென்று கத்தியது. கூடவே, பெற்றவள் விசும்புகிற சத்தம்.

அவளும் என்னைப் போலப் பச்சை உடம்புக்காரி. துணைக்கு இருப்பது அவள் நாத்தனார். நேற்றிலிருந்து இதே கூத்துதான்.

"குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்களேன்னு அவளே தவிச்சுக்கிட்டிருக்கா. இவ அது அழறதைப் படம் எடுத்துட்டு வந்து புண்ணைக் கிளறுறா. நாத்தனார் புத்தி போகுமா?"

"உனக்கு எதுக்கும்மா வம்பு?"

அம்மா கேட்டால்தானே. திரைக்கு வெளியே போய் நின்றாள்.

"ஏம்மா, உனக்கு ஈவு இரக்கமே இல்லையா? உன் அண்ணிதானே அவ?"

"இன்னும் கொஞ்ச நேரம்தாம்மா," என்றது உள்ளிருந்து ஒரு சின்னக் குரல்.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக நர்ஸிடம் போய்ப் புகார் சொன்னாள்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். "நான்தாம்மா போடச் சொன்னேன். மாசம் நிறையறதுக்கு முன்னாடி பொறந்த புள்ளை. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பில்ல. தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக் குழாயிலதான் கொடுக்கறோம். புள்ளை அழற சத்தம் காதுல விழுந்தா தாய் உடம்புல ஒரு ஹார்மோன் சுரக்கும். பால் தானா இறங்கும்."

"அப்போ அவ அழறது?"

"அதுவும் ஹார்மோன் பண்ற வேலைதான். பிரசவமானதும் உடம்புல சிலது தடாலுனு குறைஞ்சுடும், அழுகையா வரும். அண்ணி அழறதைப் பாக்க முடியலைன்னு அந்த நாத்தனார் பொண்ணு என்கிட்ட வந்து அழுதுட்டுப் போச்சு."

அம்மா திரும்பி வந்து நர்ஸ் சொன்னதை என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்.

சாயங்காலம் மறுபடி திரை இழுபட்டது. சத்தத்தையே காணோம்.

"போன் கீழ விழுந்து உயிரை விட்டுடுச்சு, அண்ணி."

"ஒரு சொட்டுகூட வரலையே. அவன் பசியோட இருப்பானே."

அந்த நேரம் பார்த்து என் பிள்ளை துணியை நனைத்துவிட்டான். ஈரத்துணியை உருவினால் போதும், ஊரைக் கூட்டிவிடுவான். அம்மா கண்மூடித் திறப்பதற்குள் மாற்றிவிடுவாள்.

இன்று அவனைத் தூக்கிக்கொண்டு போய்த் திரையோரம் இருந்த மேசையில் கிடத்தினாள். துணியை உருவினாள். அவன் அலறினான். அம்மாவோ மாற்றுத்துணியை உதறினாள், மடித்தாள், மறுபடி உதறினாள்.

"சீக்கிரம் கட்டும்மா. தொண்டை கட்டிக்கப் போகுது."

"வருது, வருது," என்று திரைக்குள்ளே அந்தப் பெண் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

அம்மா குனிந்து என் பிள்ளையின் வயிற்றைத் தடவினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் அழுடா ராசா. உன் கூட்டாளி சாப்பிடணும்."