ரோட்டோர நெல்

முதல் மயில், சிக்கல் ஊருக்குப் போகும் ரோட்டில், ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே கிடந்தது.

வீரபத்திரன் முன்னும் பின்னும் பார்த்தார். பஸ் வரும் நேரம் இல்லை. தோகையை மடக்கிச் சாக்குக்குள் திணித்தார். திணிக்கத் திணிக்க அது வெளியே வந்தது. செத்த பிறகும் இதற்குப் பகட்டுப் போகவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

அவருக்கு மயில் மேல் பகை ஒன்றும் இல்லை. முருகன் கோயிலில் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்தான். ஆனால் கோயில் மயில் கதிரை உருவாது. இரண்டு வருஷம் தரிசாய்க் கிடந்த வயல் இந்த வருஷம்தான் விளைந்திருந்தது. கருவேலங்காட்டுக்குள்ளிருந்து கூட்டங்கூட்டமாக இறங்கி, அறுப்புக்கு நின்ற நெல்லை உருவித் தின்றுவிட்டுப் போயின.

நேற்று, மயில்கள் அடையப் போகும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், நெல்லில் பூச்சிமருந்தை ஊற்றிப் பிசறி, வயலை ஒட்டி ரோட்டோரம் நெடுக இறைத்துவிட்டார்.

மயிலைக் கொன்றால் ஜெயில். பக்கத்து ஊரில் ஒருவரை வனத்துறை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே வேடிக்கை பார்த்தது. அதனால்தான் வெயில் ஏறுமுன் சாக்கும் மண்வெட்டியுமாக நடக்கிறார்.

செத்தது மயில் மட்டும் இல்லை. பள்ளத்தில், காலி பிராந்தி பாட்டில்களுக்கும் டீ கப்புகளுக்கும் நடுவே மைனாக்கள் கிடந்தன. புறா ஒன்று இன்னும் சிறகை அடித்துக்கொண்டிருந்தது. கழுத்தைத் திருகினார். மருந்துக்கு மயில் எது, மைனா எது என்று தெரியுமா என்ன.

வயலோரம் வந்ததும் நின்றுவிட்டார்.

மிச்ச நெல்லை மண்ணோடு வழித்துப் புதைக்கத்தான் மண்வெட்டியைக் கொண்டுவந்திருந்தார். ரோட்டோரத்தில் ஒரு மணி நெல் இல்லை. மண்ணில் விளக்குமாற்றுக் கோடுகள் இருந்தன.

குனிந்து அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

பக்கத்து வயல்காரர் சின்னச்சாமி இந்த இடத்தில்தான் ரோட்டில் நெல் காயப் போட்டிருந்தார். நேற்று மதியமே அள்ளிக்கொண்டு போய்விட்டார். அள்ளிய பிறகு தார் ஓரத்தில் சிதறிக் கிடப்பது வேலை பார்த்த பெண்களுக்கு. விடியலில் வந்து கூட்டி எடுத்துக்கொள்வார்கள். யாரையும் கேட்க வேண்டியதில்லை, அது காலங்காலமான வழக்கம். வீரபத்திரனுக்கும் நன்றாகத் தெரிந்த வழக்கம்தான். மருந்தை இறைக்கும்போது மயிலைத் தவிர வேறு எதுவும் அவர் புத்தியில் இல்லை.

சாக்கையும் மண்வெட்டியையும் புதருக்குள் தள்ளிவிட்டுக் காலனிக்கு நடந்தார். ஓடினால் பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள்.

சண்முகவள்ளி வாசலில் உட்கார்ந்து, கூட்டி வந்த நெல்லைச் சுளகில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"ஏத்தா, அந்த நெல்ல எங்கிட்டக் குடு. ஒரு மூட நல்ல நெல்லு தாரேன்."

"இது எதுக்குய்யா ஒங்களுக்கு? மண்ணுங் கல்லுமால்ல கெடக்கு. மருந்து வாடை வேற."

வாடையை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எந்த நெல்லில்தான் அது இல்லை. அவர் கோழிக்கு என்று ஏதோ சொல்லி, சுளகோடு வாங்கித் துண்டில் கொட்டி முடிந்துகொண்டார். அப்பாடா என்று இருந்தது. ஒரு வார்த்தை உண்மை பேசாமலே ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியாயிற்று.

"சுகந்தியும் நானுந்தேன் கூட்டுனோம். அவளுக்கும் இதே மாதிரி மாத்திக் குடுங்கய்யா. பிள்ள பொரி கேட்டுச்சுன்னு அப்பவே அடுப்ப மூட்டிட்டா."

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து சுகந்தி வந்தாள். இடுப்பில் பிள்ளை. கையில் ஒரு தட்டு நிறைய நெல்பொரி, ஆவி பறந்துகொண்டிருந்தது. இந்தத் தெருவுக்கே வராத மனுஷர் வந்து நிற்கிறாரே என்ற சந்தோஷத்தில், பிள்ளை கையை நீட்டி அழுதும் கொடுக்காமல், முதலில் அவரிடம் தட்டை நீட்டினாள்.

வீரபத்திரன் சட்டென்று பின்னால் போனார்.

சுகந்தியின் முகம் சுண்டிப்போனது. நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் நின்றாள்.

சண்முகவள்ளிதான் சமாளித்தாள். "அவுக நம்ம வீட்ல கை நனைக்க மாட்டாக. ஒனக்குத் தெரியாதாடி? பிள்ளைக்கு ஊட்டு." சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல அவரைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தால் போதும். ஜீப் கண்ணுக்குள் வந்து நின்றது.

வீரபத்திரன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.